ரீல் டப்பா, புரொஜக்டர், ஆபரேட்டர் ரூம்: காரைக்குடிப் பக்கம் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லல் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில் ரீல் சுற்றுகிற பையனாகச் சேர்ந்தேன். அப்புறம் தேவகோட்டையில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டர். பிலிம் போய் டிஜிட்டல் வந்த பிறகு தியேட்டர்களுக்கு மிஷின் சர்வீஸ், பழைய ரீல்களைப் பார்த்துச் சுத்தம் செய்து கொடுப்பது என்று பொழுது ஓடுகிறது. போன் வந்தால் பாதிக்குப் பாதி ஒரே சந்தேகம்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு, நான் வழக்கமாகச் சொல்கிற பதிலை எழுதி வைத்திருக்கிறேன். மேலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுத்தான் போகும்.

"அண்ணே, வீட்டை ஒதுங்க வச்சப்போ மச்சுல நாலஞ்சு தகர டப்பா கிடைச்சுது. உள்ள பிலிம் சுருள். இது சினிமாப் படம்தானா?"

முதலில் ஸ்கேல் வைத்து அகலத்தை அளந்து பாருங்கள். 35 மி.மீ. இருந்து, இரண்டு ஓரத்திலும் ஓட்டை இருந்து, ஒரு படத்துக்கு நாலு ஓட்டை கணக்காக வந்தால் அது தியேட்டரில் ஓடிய பிலிம். 16 மி.மீ. என்றால் பள்ளிக்கூடத்திலும் ஊர்ப் பொதுவிலும் திரை கட்டிப் போட்டுக் காட்டிய வகையாக இருக்கலாம், வீட்டில் எடுத்ததாகவும் இருக்கலாம். 8 மி.மீ. என்றால் பெரும்பாலும் வீட்டுப் படம்தான். ஓட்டை ஓரத்தில் இல்லாமல் நட்ட நடுவில் இருந்தால் அது 9.5 மி.மீ., 1922-இல் பிரான்சில் வந்த வகை. அதைப் பார்த்தால் எனக்கு உடனே ஒரு போன் போடுங்கள், ஆசைக்காகவாவது வந்து பார்க்கிறேன்.

நம்ம பக்கத்து வீடுகளில் சின்ன ரீல் கிடைப்பது ஆச்சரியமில்லை. மலேயா, பர்மா, சிலோன் என்று கொண்டு விற்கப் போன குடும்பங்களில் ஒருவராவது கேமரா வாங்கி வந்திருப்பார். கல்யாணம், பேட்டை, கப்பலடி என்று எதையாவது எடுத்து வைத்திருப்பார். சினிமா ரீலைவிட அதுதான் எனக்குப் பெரிசு. சினிமாவுக்கு ஊருக்கு ஊர் பிரிண்ட் போயிருக்கும், உங்கள் ஐயா எடுத்ததற்கு வேறு பிரதி எங்கேயும் கிடையாது.

"ஒரு ரீல்ல எவ்வளவு நேரம் படம் இருக்கும்?"

35 மி.மீ. பிலிம் ஓர் அடிக்கு 16 பிரேம், அதாவது 16 தனிப் படம். ஓடுவது நொடிக்கு 24 பிரேம், அதாவது நிமிஷத்துக்கு 90 அடி. 1000 அடி டப்பா என்றால் 11 நிமிஷம், 2000 அடி ஸ்பூல் என்றால் 22 நிமிஷம். இரண்டரை மணி நேரப் படம் ஒன்று 13,500 அடி வரும். அதனால்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஆளுக்குத் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். மதுரை-ராமநாதபுரம் ஏரியாவுக்கு வந்த பெட்டிகள் இப்படித்தான் கைமாறிக் கைமாறி நம்ம ஊருக்கு வந்து சேர்ந்தன.

16 மி.மீ. என்றால் அடிக்கு 40 பிரேம், எனவே 400 அடி ரீலிலேயே 11 நிமிஷம் வந்துவிடும். டப்பாவின் அளவைப் பார்த்துக் குறைத்து எடை போட வேண்டாம்.

"டப்பாவத் திறந்தா காடி வாடை மூக்கைத் துளைக்குது. கெட்டுப்போச்சா?"

கெட ஆரம்பித்துவிட்டது. அசிடேட் பிலிமின் அடிப்பொருள் வெக்கையிலும் ஈரக் காற்றிலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். காடியில் இருப்பதும் அதே அமிலம்தான், அதனால்தான் அந்த வாடை. ஒருமுறை ஆரம்பித்தால் நிற்காது, வேகத்தைக் குறைக்க மட்டும்தான் முடியும். டப்பாவுக்குள் அந்த ஆவி அடைபட்டால் அதுவே சிதைவை இன்னும் விரட்டும். பக்கத்து டப்பாவுக்கும் தொற்றும். வாடை வருகிற ரீலைத் தனியாகப் பிரித்து வையுங்கள், இது இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை.

எங்கே வைப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். மச்சில் வைக்காதீர்கள். ஓட்டுக்குக் கீழே சித்திரை மாசம் அடுப்பு மாதிரி இருக்கும். நம்ம வீடுகளில் இரண்டாம் கட்டுப் பக்கம் கனத்த சுவரோடு ஓர் உள்ளறை இருக்குமே, வெயில் எட்டிப் பார்க்காதது, அதுதான் நல்லது. தரையில் வைக்காமல் பலகை போட்டு வையுங்கள். துருப்பிடித்த தகரத்திலிருந்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள், காற்றுப் போக்குவரத்து இருக்கட்டும். பிரிட்ஜில் வைக்கலாமா என்று ஓர் ஆச்சி கேட்டார்கள். மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் சும்மா வைத்தால் ஈரம் ஏறிவிடும், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"பழைய பிலிம் தானாவே தீப்பிடிக்கும்னு சொல்றாங்களே, நிஜமா?"

நைட்ரேட் பிலிம் என்றால் நிஜம். 1950-களின் ஆரம்பம் வரை 35 மி.மீ. படங்கள் பெரும்பாலும் அதில்தான் வந்தன. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள் முக்கினாலும் எரியும், மணல் போட்டாலும் எரியும். பழைய ஆபரேட்டர் ரூம்களில் தீத்தடுப்பு ஷட்டரும் வெளியே திறக்கிற கதவும் வைத்தது இதற்காகத்தான். புனேயில் 2003-இல் சேமிப்பில் இருந்த நைட்ரேட் ரீல்கள் எரிந்தே போயின. ஏ.வி.எம். சென்னைக்குப் போவதற்கு முன்னால் நம்ம காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்து 1947-இல் வந்த 'நாம் இருவர்' படத்தை எடுத்தார்களே, அந்தக் காலத்துப் பிலிமெல்லாம் இந்த ரகத்தைச் சேர்ந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஓரத்தில் ஆங்கிலத்தில் சேஃப்டி (எளிதில் தீப்பிடிக்காத ரகம்) என்றோ நைட்ரேட் என்றோ பொடி எழுத்து இருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது, நெகடிவ்வின் ஓர எழுத்தே பிரிண்டிலும் பதிந்து வந்திருக்கலாம். சுருள் பிசுபிசு என்று தேன் மாதிரி ஒட்டினாலோ, பழுப்புத் தூள் கொட்டினாலோ, வாடை காடி மாதிரி இல்லாமல் வேறு மாதிரி நெடியாக இருந்தாலோ கையை எடுத்துவிடுங்கள். ஒரு துண்டு வெட்டிக் கொளுத்திப் பார்க்கலாமே என்று எப்போதும் ஒருவர் சொல்வார். அந்த ஆளை முதலில் வீட்டுக்கு வெளியே அனுப்புங்கள். 16, 8 மி.மீ. வீட்டு ரீல்களுக்கு இந்தப் பயம் வேண்டியதில்லை, அவை ஆரம்பத்திலிருந்தே சேஃப்டி பிலிம்தான்.

"அப்பச்சிக்கு அறுபதாம் கல்யாணம். அந்த ரீலை வளவுல திரை கட்டி ஓட்டிக் காட்டுவீங்களா?"

கேட்கும்போதே ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்க்காமல் ஓட்ட மாட்டேன். முப்பது நாற்பது வருஷம் கிடந்த பிலிம் சுருங்கியிருக்கும், பிலிமை இழுக்கிற ஸ்ப்ராக்கெட் சக்கரத்தின் பல்லோ பழைய கணக்கிலேயே சுற்றும். இரண்டுக்கும் ஒத்துப்போகாவிட்டால் ஓட்டை ஓட்டையாகக் கிழித்துக்கொண்டு போகும். கொட்டகைச் சத்தத்தில் அது காதில் விழாது. படம் முடிந்து ரீலைக் கழற்றும்போதுதான் தரையில் பொடிப் பொடியாகக் கிடப்பது தெரியும்.

சுருக்கத்தை நீங்களே பார்க்கலாம். 35 மி.மீ. பிலிமில் ஓட்டைக்கு ஓட்டை தூரம் 4.75 மி.மீ., ஓர் அடிக்கு 64 ஓட்டை. சுருங்காத புதுப் பிலிம் துண்டு ஒன்றை விளக்குக்கு முன்னால் இதன் மேல் வைத்து, முதல் ஓட்டையைச் சரியாகப் பொருத்திவிட்டு 64-ஆவது ஓட்டைக்கு வாருங்கள். அங்கேயும் பொருந்தினால் நல்லது. ஓட்டையின் உயரமே சுமார் 2 மி.மீ.தான், ஒரு சதவீதம் சுருங்கினால் அங்கே 3 மி.மீ. தள்ளியிருக்கும். அதாவது ஓட்டை மேல் ஓட்டையே விழாது. அப்படிப்பட்டதை எந்த மிஷினிலும் ஏற்ற மாட்டேன், ஸ்கேன்தான் வழி, கீழே அதைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறேன். பாதி அளவு தள்ளியிருந்தால் ஒரே ஒருமுறை, மெதுவாக, பக்கத்திலேயே நின்று ஓட்டலாம். அதையும் வீட்டுக்காரர் சரி என்று சொன்ன பிறகுதான் செய்வேன்.

"சுத்திப் பார்க்கலாமா? கையால தொடலாமா?"

ரீவைண்டரில் கையால், நிதானமாக. ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும், வெள்ளைப் பருத்திக் கையுறை இருந்தால் இன்னும் நல்லது. சுருள் தொளதொள என்று இருக்கிறதே என்று நுனியைப் பிடித்து இழுத்து இறுக்குவார்கள் பாருங்கள், அதைச் செய்யவே கூடாது. உள்ளே சுற்றுக்குச் சுற்று உரசி, தூசி அரம் மாதிரி அறுத்துவிடும். ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் பலம் கொடுக்காதீர்கள், பிரிந்து வருவது படம் இருக்கிற படலமாக இருக்கும்.

நான் சேர்ந்த புதிதில் 2000 அடி ஸ்பூல் ஒன்றைக் கை தவறிப் படிக்கட்டில் விட்டேன். அது உருண்டு, தானே பிரிந்து, ஏழெட்டுப் படியிலும் கருநாகம் மாதிரி நெளிந்து கிடந்தது. இரண்டாவது ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. பெரிய ஆபரேட்டர் ஒன்றும் சொல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து துணியால் துடைத்துத் துடைத்துச் சுற்றினார். அடுத்த ஒரு மாசம் என்னை ரீல் பக்கமே விடவில்லை.

"அறுந்து போச்சு. செல்லோடேப் போட்டு ஒட்டினா போதாதா?"

போதாது. அந்தப் பசை வெக்கையில் இளகி வழிந்து பக்கத்துச் சுற்றிலும் ஒட்டும், கொஞ்ச நாளில் டேப் தனியாகக் கழன்று வந்துவிடும், பசை மட்டும் நிற்கும். பிலிமுக்கென்றே ஸ்ப்ளைசிங் டேப் இருக்கிறது, பசை வழியாது.

அசிடேட் பிலிமாக இருந்தால் சிமெண்ட் ஒட்டுதான் பழைய முறை. படம் பதிந்திருக்கிற மருந்துப் பக்கத்தை ஒரு சிறு பட்டை அளவுக்குச் சுரண்டி, பிலிம் சிமெண்டைத் தொட்டு வைத்து, ஸ்ப்ளைசரில் அமுக்கிப் பிடித்தால் இரண்டு துண்டும் ஒன்றோடொன்று கரைந்து சேர்ந்துவிடும். எது மருந்துப் பக்கம் என்று தெரிய உதட்டில் வைத்துப் பார்ப்போம், உதட்டோடு லேசாக ஒட்டிக்கொள்கிற பக்கம்தான். சுரண்டுவதற்கு முன்னால் நாக்கால் ஈரப்படுத்துவதும் உண்டு. எத்தனை நடிகர்களை இப்படி நக்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை! வெட்டுவது எப்போதும் பிரேம் கோட்டில்தான். நாலு ஓட்டைக் கணக்கு தப்பினால் அந்த இடத்திலிருந்து ரீல் முடிகிற வரை தலை கீழேயும் கால் மேலேயுமாகப் படம் தெரியும், அப்புறம் பிரேமிங் குமிழைத் திருகித்தான் சரிசெய்ய வேண்டும்.

1990-களில் இருந்து வந்த பிரிண்ட்கள் நிறைய பாலியஸ்டர். அதில் சிமெண்ட் பிடிக்காது, டேப் அல்லது அல்ட்ராசானிக் ஒட்டுதான். பார்த்துத் தெரிந்துகொள்ள எளிய வழி: சுருளைப் பக்கவாட்டில் விளக்குக்கு எதிரே பிடியுங்கள், வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் பாலியஸ்டர், இருட்டாக இருந்தால் அசிடேட். பாலியஸ்டர் கையால் இழுத்தால் அறாது. மிஷினில் சிக்கினாலும் அறாது, மிஷின்தான் உடையும்.

"திரையில மழை பெய்யுற மாதிரி கோடு கோடா ஓடுதே, துடைச்சா போகுமா?"

தூசியும் எண்ணெயும் என்றால் போகும், கீறல் என்றால் போகாது. கறுப்புக் கோடாகத் தெரிந்தால் கீறல் முதுகுப் பக்கம், படத்தைத் தொடவில்லை, அதைச் சுத்தம் செய்தும் ஸ்கேனிலும் வெகுவாகக் குறைக்கலாம். வெள்ளையாகவோ, கலர் படத்தில் பச்சை மஞ்சளாகவோ தெரிந்தால் மருந்தே போய்விட்டது என்று அர்த்தம்.

வீட்டில் செய்யக்கூடியது, ரீவைண்ட் செய்யும்போது காய்ந்த வெல்வெட் துணியை மடித்து அதன் நடுவே பிலிமை லேசாக ஓட விடுவது மட்டும்தான். தண்ணீர், சோப்பு, மண்ணெண்ணெய் எதுவும் படக்கூடாது. அந்தக் காலத்தில் கார்பன் டெட்ராகுளோரைடு போட்டுத் துடைப்பார்கள். அது ஈரலுக்கு விஷம், பழைய பாட்டில் எங்காவது மிச்சம் இருந்தால் திறக்காதீர்கள்.

"கையில பிடிச்சுப் பார்த்தா ஆளுங்க எல்லாம் ஒல்லியா, நெடுநெடுன்னு தெரியறாங்க. பிலிம் கெட்டுப்போச்சா?"

இல்லை, அது சினிமாஸ்கோப். எடுக்கும்போதே படத்தை அகலத்தில் பாதியாக நசுக்கிப் பதிவுசெய்து, தியேட்டரில் அதற்கான லென்ஸ் போட்டு இரண்டு மடங்கு விரிப்பார்கள். தமிழில் முதலில் அப்படி வந்தது 1973-இல் 'ராஜராஜ சோழன்'. மிஷின் விற்கும்போது இந்த லென்ஸைத் தனியாகக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், கவனம்.

"பழைய மிஷின் ஒண்ணு இருக்கு. கார்பன்கிறாங்க, செனான்கிறாங்க. என்ன வித்தியாசம்?"

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் வித்தியாசம். கார்பன் மிஷினில் செம்புப் பூச்சுப் போட்ட இரண்டு கார்பன் குச்சிகளை எதிர் எதிரே வைத்து, ஏசியை டிசியாக மாற்றுகிற ரெக்டிஃபையரிலிருந்து கரண்ட் கொடுத்து, நுனியைத் தொட்டு விலக்கினால் நடுவில் வெள்ளை வெளேர் என்று சுடர் பிடிக்கும். குச்சி எரிய எரிய இடைவெளி கூடும், ஆபரேட்டர் பார்த்துப் பார்த்து நெருக்கிக் கொடுக்க வேண்டும். கண்ணசந்தால் திரை மஞ்சளித்துவிடும், கீழேயிருந்து விசில் பறக்கும். புகை போக மேலே குழாய் இருக்கும், உள்ளே பார்க்கக் கறுப்புக் கண்ணாடி. செனான் என்றால் பல்பு. ஏற்றிவிட்டால் அது பாட்டுக்கு எரியும்.

பழைய கார்பன் மிஷினின் லாம்ப்ஹவுஸை, அதாவது விளக்குப் பெட்டியைத் திறந்து சுத்தம் செய்ய நினைத்தால் ஒரு விஷயம். உள்ளே ஒயர்களுக்குக் கல்நார் உறை இருக்கலாம், சுரண்டி மூச்சில் இழுக்காதீர்கள். ரெக்டிஃபையரும் கூடவே இருந்து அதில் பெரிய கண்ணாடிக் குடுவை ஒன்று தெரிந்தால் உள்ளே பாதரசம் இருக்கலாம். அதை அசைக்காமல் விட்டுவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.

"செனான் பல்பை நாங்களே மாத்திக்கலாமா? ஆள் கூப்பிட்டா செலவாகுதே."

வேண்டாம். எரியாமல் பெட்டியில் கிடக்கும்போதே அந்தப் பல்புக்குள் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அழுத்தம், சூட்டில் அது இன்னும் கூடும். வெடித்தால் குவார்ட்ஸ் சில்லு முகத்தில் வந்து அறையும். முழு முகக் கவசம், கனத்த கையுறை, தோல் ஜாக்கெட் இல்லாமல் நான் உறையைக்கூடப் பிரிப்பதில்லை. விரல் ரேகை பட்டாலே அந்த இடம் சூட்டில் வெளுத்து பலவீனமாகிவிடும். குறித்த மணி நேரம் முடிந்தும் இன்னும் எரிகிறதே என்று ஓட்டிக்கொண்டே போவதுதான் நம்ம பக்கத்தில் நான் பார்க்கும் பெரிய தப்பு. பல்பு வெடித்தால் ரிஃப்ளெக்டரும் சேர்ந்து போகும், அது பல்பை மாற்றுவதைவிடப் பெரிய செலவு.

"வாய் முன்னாடி அசையுது, சத்தம் பின்னாடி வருது. மிஷின் கோளாறா?"

பெரும்பாலும் லூப் கோளாறு, அதாவது பிலிமைத் தொய்வாக விடுகிற வளைவின் கோளாறு. படம் விழுகிற கேட் ஓரிடம், சத்தத்தைப் படிக்கிற டிரம் அதற்குக் கீழே வேறிடம். அதனால் ஒரு படத்துக்குரிய சத்தம் பிலிமில் சுமார் 20 பிரேம் தள்ளி அச்சாகியிருக்கும். கேட்டுக்கும் டிரம்முக்கும் நடுவில் விடுகிற கீழ் லூப் அந்தக் கணக்குக்குச் சரியாக இருக்க வேண்டும். இரண்டு பிரேம் கூடினால் ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு பிந்தும். சாதாரணக் கண்ணுக்கு அது தெரியாது என்பார்கள், பாட்டு சீனில் தெரியும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சத்தம் காற்றில் ஒரு பிரேம் நேரத்துக்குள் ஏறக்குறைய 14 மீட்டர்தான் போகும். நீளமான கொட்டகையில் கடைசி பெஞ்சுக்காரனுக்கு அதனாலேயே ஒன்றிரண்டு பிரேம் பிந்தும். அதை ஈடுகட்ட லூப்பை ஒரு பிரேம் குறைத்துப் போடுகிற ஆபரேட்டர்கள் இருந்தார்கள். படம் மேலும் கீழும் ஆடுகிறது என்றால் அது வேறு: பிலிமை ஒவ்வொரு பிரேமாக நகர்த்துகிற இன்டர்மிட்டன்ட் ஸ்ப்ராக்கெட்டின் பல் தேய்ந்திருக்கும் அல்லது கேட் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். எழுத்துக்கு மேலே வால் மாதிரி வெளிச்சம் இழுத்தால், வெளிச்சத்தை மறைத்துத் திறக்கிற ஷட்டரின் டைமிங் தப்பியிருக்கும். சத்தமே வராமல் படம் மட்டும் ஓடினால் எதையும் பிரிப்பதற்கு முன்னால் சத்தத்தைப் படிக்க வெளிச்சம் கொடுக்கிற எக்ஸைட்டர் லாம்ப் எரிகிறதா என்று பாருங்கள்.

"வலது மேல் மூலையில ஒரு வட்டம் மின்னிட்டுப் போகுமே, அது எதுக்கு?"

மிஷின் மாற்றுவதற்கான குறி. ரீல் முடிய சுமார் 8 நொடி இருக்கும்போது முதல் குறி, அப்போது இரண்டாவது மிஷினின் மோட்டாரைப் போட வேண்டும். கடைசி நொடியில் இரண்டாவது குறி, அப்போது மாற்ற வேண்டும். ஒவ்வொன்றும் நாலே பிரேம்தான். சரியாகச் செய்தால் கீழே ஒருவருக்கும் தெரியாது, அதுதான் எங்கள் கௌரவம். டூரிங் கொட்டகையில் ஒரே மிஷின், அதனால் இந்தக் குறியால் பயனில்லை. ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போட்டு முறுக்கு விற்கவேண்டியதுதான்.

சில பேர் தங்கள் வசதிக்கு ஊசியால் பெருக்கல் குறி கீறி வைப்பார்கள். பத்துத் தியேட்டர் போன பிரிண்டில் பத்து விதக் குறி இருக்கும். உங்கள் ரீலில் அப்படி இருந்தால் அது கோளாறு இல்லை, என் ஜாதிக்காரர்களின் கைவரிசை.

"கலர் படம் முழுக்கச் சிவப்பா ஆயிடுச்சு. பழைய கலர் திரும்ப வருமா?"

பிலிமில் வராது. 1980-களுக்கு முந்தின கலர் பிரிண்ட்களில் நீலச்சாயல் சீக்கிரம் மங்கி, சிவப்பு மட்டும் மிஞ்சும். கறுப்பு வெள்ளையில் வெள்ளி இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஸ்கேன் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஓரளவு மீட்கலாம், ஆனால் அழிந்துபோன சாயத்தை யாரும் கொண்டுவர முடியாது. "அப்படியே புதுசு மாதிரி பண்ணித் தர்றோம்" என்று சொல்கிறவரிடம் ஒரு நிமிஷ சாம்பிள் கேளுங்கள்.

"ஸ்கேன் எங்க பண்றது? சுவத்துல ஓட்டி போன்ல எடுத்துக்கலாமே?"

போனில் எடுத்தால் மினுக்கும், ஓரம் வெட்டுப்படும், அதைவிட முக்கியம் ரீலை மிஷினில் ஏற்றவேண்டி வரும், அந்தக் கதையை மேலே சொல்லிவிட்டேன். ஸ்கேனரில் பல் இல்லாமல் உருளை வைத்து இழுக்கிற வகை உண்டு, சுருங்கிய பிலிமுக்கு அதுதான் தோது. 35 மி.மீ. வேலைக்குச் சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டும். காரைக்குடியில் நான் செய்வது அதற்கு முந்தின வேலை: சுத்தம், ஒட்டு, கிழிந்த ஓட்டைக்குப் பட்டை, முன்னும் பின்னும் வெற்றுப் பிலிம் சேர்ப்பது, எந்த டப்பாவில் எத்தனை அடி என்று எழுதி ஒட்டுவது. இதைச் செய்து அனுப்பினால் அங்கே ஆகிற செலவு குறையும்.

ஸ்கேன் ஆனதும் ரீலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் எத்தனை வருஷம் தாங்கும் என்பது அதைச் செய்தவனுக்கே வெளிச்சம். என்னிடம் ஸ்கேன் முடித்துப் போன ஒரு வீட்டில் டிஸ்க் செத்துப்போய், ரீல் இருந்ததால்தான் மறுபடி எடுக்க முடிந்தது.

"ரீல் எங்ககிட்டதானே இருக்கு, படம் எங்களுக்குச் சொந்தம்தானே? யூடியூப்ல போடலாமா?"

சாமான் உங்களுடையது, படம் உங்களுடையது இல்லை. நம்ம நாட்டுச் சட்டப்படி சினிமாப் படத்துக்கு உரிமை, வெளியான வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருஷம். 1960-இல் வந்த படத்துக்கு 2020 முடிவோடு தீர்ந்தது. ஆனால் பாட்டு, கதை எழுதியவர்களின் உரிமை தனி, அவர்கள் காலத்துக்குப் பிறகு 60 வருஷம். அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். உங்கள் ஐயா எடுத்த கல்யாணப் படம் என்றால் தாராளமாகப் போடலாம், பங்காளிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை.

"தம்பி, நாங்க தியேட்டர் வச்சிருக்கோம். ஷோ நேரத்துல கீ ஏத்துக்கலைன்னு படம் நிக்குது. உங்களுக்கு அது தெரியுமா?"

தெரியும், இப்போது எனக்கு வருகிற அவசர போன் எல்லாம் இதுதான். டிஜிட்டல் படம் பூட்டுப் போட்டுத்தான் வரும். சாவி அந்தத் தியேட்டரின் அந்த சர்வருக்கு மட்டும், இந்த மணியிலிருந்து இந்த மணி வரை என்று எழுதப்பட்டது. அதனால் மூன்றைப் பாருங்கள்: நேரம் ஆரம்பித்துவிட்டதா, படத்தின் பெயரும் வெர்ஷனும் சாவியோடு ஒத்துப்போகிறதா, சமீபத்தில் சர்வரையோ உள்ளே இருக்கிற போர்டையோ மாற்றினீர்களா. மாற்றியிருந்தால் பழைய சாவி செல்லாது, புது விவரத்தை அனுப்பிப் புதுசு வாங்க வேண்டும். கடிகாரத்தைத் திருத்தி ஏமாற்றலாமா என்று கேட்காதீர்கள், முடியாது. படத்தை முந்தின ராத்திரியே ஏற்றி முதல் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டால் காலையில் வேர்க்க வேண்டியதில்லை.

மற்றபடி டிஜிட்டல் மிஷினுக்கு எதிரி நம்ம செம்மண் புழுதிதான். பில்டரை மாசம் ஒருமுறை என்று புத்தகத்தில் போட்டிருந்தாலும் பங்குனி சித்திரையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தட்டுங்கள். புரொஜக்டர் அறை ஏசியை ஷோ முடிந்த உடனே அணைக்காதீர்கள், விளக்கு ஆறட்டும். பல்பு வகை மிஷின் என்றால் செனானுக்கு மேலே சொன்ன எச்சரிக்கை அத்தனையும் இதற்கும் உண்டு. லேசர் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

"முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில எங்க பழைய புரொஜக்டருக்கு விலை கேக்கறாங்க. குடுத்துடலாமா?"

உங்கள் இஷ்டம். ஆனால் அலங்காரத்துக்கு வாங்குகிறவருக்கும் ஓட்ட வாங்குகிறவருக்கும் விலை வேறு. லென்ஸ், கேட், ஸ்ப்ராக்கெட், ஸ்பூல் எல்லாம் இருக்கிறதா என்று முதலில் பட்டியல் போடுங்கள். கையால் மெதுவாகச் சுற்றும்போது உள்ளே பிலிமை விட்டு விட்டு நகர்த்துகிற மால்டிஸ் கிராஸ் டக் டக் என்று ஒழுங்காக நகர்ந்தால் அது உயிரோடு இருக்கிற மிஷின், இரும்பு விலைக்குப் போடுவது பாவம். ஹோட்டல் வரவேற்பறையில் பித்தளை பாலிஷ் போட்டு நிற்கிற மிஷின்களைப் பார்க்கிறேன். உள்ளே எண்ணெய் விட ஆள் இல்லை, ஆனால் குப்பைக்குப் போகவில்லையே என்று மனசைத் தேற்றிக்கொள்வேன்.

"ஆச்சி ரீல் எல்லாத்தையும் பழைய இரும்புக்காரன்கிட்ட போடச் சொல்றாங்க. அரிய படமா இருந்தா யார்கிட்ட சொல்றது?"

வெள்ளி எடுப்பதற்காகவே எத்தனையோ கறுப்பு வெள்ளைப் படங்களை உருக்கிவிட்டார்கள், அதனால் ஆச்சி சொல்வது புது யோசனை இல்லை. போடுவதற்கு முன்னால் ரீலின் முதல் சில அடியைப் பிரித்து டைட்டிலை மட்டும் போனில் படம் எடுங்கள். டைட்டில் இல்லாவிட்டால் ஓர எழுத்தையும் ஏதாவது முகம் தெரிகிற பிரேமையும். இருட்டும் வெளிச்சமும் மாறித் தெரிந்தால் நெகடிவ், அதை இன்னும் பத்திரமாக வையுங்கள். புனேயில் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இலிருந்து இருக்கிறது, அவர்களுக்கு எழுதலாம். நம்ம கோட்டையூர் ரோஜா முத்தையா பாட்டுப் புத்தகத்தையும் நோட்டீஸையும்கூடச் சேர்த்து வைத்ததால் காகிதம் தப்பித்தது, சென்னையில் அவர் பெயரில் நூலகமாக இருக்கிறது. ரீலுக்கு அப்படி ஓர் ஆள் நம்ம ஊரில் அமையவில்லை.

"நேர்ல வீட்டுக்கே வந்து பார்ப்பீங்களா?"

புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை வரை வருவேன். நான் வருவதற்குள் டப்பாவைத் திறந்து வெயிலில் காய வைக்காதீர்கள், போன வாரம் ஒரு வீட்டில் வடகத்துக்குப் பக்கத்தில் காய வைத்திருந்தார்கள். துருவில் மூடி இறுகியிருந்தால் சுத்தியலால் தட்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள். கீழே ஒரு மேஜை, அதன் மேல் சுத்தமான வெள்ளை வேட்டி, பக்கத்தில் நல்ல வெளிச்சம், இவ்வளவு போதும். மச்சுப் படியில் ஒரு லைட் போட்டு வையுங்கள், போன தடவை முட்டியில் வாங்கிய அடி இன்னும் வலிக்கிறது.